வில்லங்கம் பார்த்த கதை

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்)

என் தந்தையார் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட சிறிய அறை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாக எழுதி வருகிறார். ஊரில் எல்லாரும் அவரை ‘ரைட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஆளிருக்காது. நான் கணினி அறிவியலில் சேர்ந்த அன்று, “எனக்கும் உனக்கும் ஒரே தொழில்தாம்மா, எழுதிக் கொடுக்கிற தொழில்” என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளை படிக்கப் போகிறாளே என்ற மகிழ்ச்சியில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சென்ற ஆடி மாதத்து மாலை ஒன்று அந்த நினைப்பை மாற்றிவிட்டது. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

கட்டுரை கணினியைப் பற்றியது என்று தெரிந்ததும் தமிழ்த் துறை நண்பர்களும் வரலாற்றுத் துறை நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலருடைய பெயர் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

நம் கல்லூரியில் குருதிக் கொடையாளர் பட்டியல் ஒன்று இருப்பதை அறிவீர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குப் போன அண்ணன்மார் நீளக் கணக்கு நோட்டு ஒன்றில் அதைத் தொடங்கினார்கள். பெயர், ஊர், குருதி வகை, தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த நாள் என ஐந்து கட்டங்கள். அந்த ஐந்தாவது கட்டத்தில்தான் பட்டியலின் உயிரே இருக்கிறது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தபின் மூன்று மாதமும், பெண்கள் நான்கு மாதமும் கழியாமல் மறுபடி கொடுக்கக் கூடாது. நள்ளிரவில் மருத்துவமனை வாசலிலிருந்து ஒருவர் கூப்பிட்டு ‘ஓ நெகட்டிவ்’ வேண்டும் என்று அழும்போது, அந்த வகையில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பயனில்லை. இன்று கொடுக்கக்கூடிய மூவர் யார் என்று சொன்னால்தான் பயன். நோட்டில் அடித்தும் திருத்தியும் எழுதிய நாள்கள் எவருக்கும் புரியாத நிலை வந்தபோது, எங்கள் துறையில் எங்களுக்கு முன்னே படித்தவர்கள் பட்டியலை ஓர் இணையதளமாக்கினார்கள். நோட்டு அத்தோடு நின்றது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த பெயர்களும் நாள்களும் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. மும்பையில் அமேசான் நிறுவனம் வாடகைக்கு விடும் கணினிகளில் ஓடிய ஒரு தரவுத்தளமே அது. மொத்தம் 940 பேர்.

அந்த அண்ணன்மார் கெட்டிக்காரர்கள். ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை. அமேசானின் பக்கத்தில் பொத்தான் பொத்தானாக அழுத்தியே எல்லாவற்றையும் உண்டாக்கினார்கள். எந்தப் பொத்தானை ஏன் அழுத்தினார்கள் என்பது அவர்கள் தலையோடு போயிற்று. கல்லூரி என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை குடித்தனக்காரர் மாறிவிடும் வீடு. ஒருவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறார். இன்னொருவர் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தளம் இரண்டு நாள் படுத்துவிட்டபோது, எதைத் தொட்டால் எது எழும் என்று தெரியாமல் நாங்கள் விழித்தோம். மாதந்தோறும் தம் சொந்தப் பணத்தில் வாடகை கட்டிவந்த எங்கள் பேராசிரியர் அன்று சொன்னார்: “அழுத்தினது போதும். இனிமேல் எழுதுங்கள்.”

எழுதுவது என்றால் என்ன? வாடகைக்குப் பிடிக்கும் கணினி எவ்வளவு பெரியது, தரவுத்தளம் எந்த வகை, கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குச் சாத்தியிருக்கும் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவிட வேண்டும். எழுதியதைப் படித்து அப்படியே உண்டாக்கும் வேலையை ஒரு கருவியிடம் விட்டுவிட வேண்டும். ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்’ என்று இம்முறைக்குப் பெயர். இதற்கான கருவிகளுள் பலரும் அறிந்தது டெர்ராஃபார்ம். ஹாஷிகார்ப் என்னும் அமெரிக்க நிறுவனம் அதை 2014-இல் வெளியிட்டது. 2023-இல் அந்நிறுவனம் உரிமத்தை இறுக்கியதும், பழைய திறந்த உரிமத்திலேயே தொடர விரும்பியவர்கள் ஓப்பன்டோஃபு என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். 2025-இல் ஹாஷிகார்ப்பையே ஐ.பி.எம். வாங்கிவிட்டது. அந்தப் பங்காளிச் சண்டை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியவை இரண்டு கட்டளைகள். ‘பிளான்’ என்றால், நீ எழுதியிருப்பதற்கும் இப்போது உள்ளதற்கும் என்ன வேறுபாடு, அதை நேராக்க நான் எதைச் சேர்ப்பேன், எதை மாற்றுவேன், எதை அழிப்பேன் என்று அது சொல்லும், செய்யாது. ‘அப்ளை’ என்றால் செய்துவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ‘ஸ்டேட்’ என்று ஒரு கோப்பு உண்டு. பாடப்புத்தகத்தில் மூன்று முறை படித்தும் எனக்கு அது பிடிபடவில்லை. அப்பாவின் மேசையை நினைத்ததும் பிடிபட்டது. நிலம் ஒன்று, நிலத்தைப் பற்றிய பத்திரம் ஒன்று, அரசின் பதிவேடு ஒன்று. மூன்றும் ஒத்திருந்தால் சண்டை இல்லை. பத்திரத்தில் 40 சென்ட், அளந்தால் 38 சென்ட், பதிவேட்டில் பழைய உரிமையாளர் பெயர் என்றால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். நாம் எழுதும் கோப்பு பத்திரம். மும்பையில் ஓடும் கணினி நிலம். ஸ்டேட் கோப்பு பதிவேடு. எங்கள் கதையில் நிலம் இருந்தது, அனுபவ பாத்தியதையும் இருந்தது. பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை.

இக்காலத்தில் குறிமுறை எழுத ஆள் தேட வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் பல வந்துவிட்டன. நான் பயன்படுத்தியது எது என்பது இங்கே முக்கியமன்று. அதைக் ‘குமாஸ்தா’ என்றே குறிப்பிடுகிறேன். முகாம் படங்களை வைக்கப் புதிதாக ஒரு சேமிப்பிடம் வேண்டும், ஏற்கெனவே ஓடும் தரவுத்தளத்தை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அரை நிமிடத்தில் நாற்பது வரி எழுதித் தந்தது. எழுத்து அழகாக இருந்தது, இடையிடையே விளக்கக் குறிப்புகள் வேறு. அதைக் கட்டி மேய்க்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

அமேசானின் சேமிப்பிடத்துக்குப் ‘பக்கெட்’ என்று பெயர். (குளியலறை வாளியை நினைத்துக்கொண்டால் பாதகமில்லை, எதையும் போட்டு வைக்கலாம்.) பக்கெட்டைப் பற்றிய எல்லாவற்றையும், அதாவது யார் பார்க்கலாம், பழைய பிரதிகளை வைத்திருக்க வேண்டுமா என்பவற்றை, குமாஸ்தா ஒரே பத்திக்குள் எழுதியிருந்தது. ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். டெர்ராஃபார்முக்கும் அமேசானுக்கும் இடையே உள்ள இணைப்பு நிரலின் 4-ஆம் பதிப்பு 2022 பிப்ரவரியில் வந்தபோது, அந்த ஒரே பத்தியைப் பல துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக்கிவிட்டார்கள். அது போதாதென்று, 2023 ஏப்ரல் முதல் அமேசானும் புதிய பக்கெட்டுகளில் ஏ.சி.எல். என்ற பழைய அனுமதிப் பட்டியலை இயல்பாகவே முடக்கிவிட்டது. குமாஸ்தா எழுதியதைப் ‘பிளான்’ ஒரு முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டது. ‘அப்ளை’ கொடுத்ததும் அமேசான் திருப்பி அனுப்பிவிட்டது. தரவுத்தளத்திலும் இதே கதை. அதன் பெயரைக் குறிக்க முன்பு ‘நேம்’ என்ற சொல் இருந்தது, இப்போது ‘டி.பி. நேம்’ என்று எழுத வேண்டும். 2023 மே மாதம் வந்த 5-ஆம் பதிப்போடு பழைய சொல்லை நீக்கிவிட்டார்கள். குமாஸ்தா பழைய சொல்லையே எழுதியிருந்தது.

அப்பாவிடம் இதைப் புலம்பினேன். அவருக்குப் பக்கெட்டும் தெரியாது, பதிப்பும் தெரியாது. ஆனால் கேட்ட உடனே, “உட்பிரிவு ஆயிருக்கு. உன் ஆளு பழைய சர்வே நம்பரைப் போட்டு எழுதியிருக்கான்” என்றார்.

இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. 112/3 என்று ஒரே எண்ணாக இருந்த புலம், பாகம் பிரித்தபின் 112/3ஏ, 112/3பி என்று ஆகிவிடும். முப்பது ஆண்டு எழுதிப் பழகிய கை பழைய எண்ணைத்தான் எழுதும். எவ்வளவு தேர்ந்த எழுத்தரானாலும் அப்பா நினைவிலிருந்து ஒரு வரிகூட எழுதமாட்டார். தாம் எழுதிய பத்திரத்துக்கே மறுபத்திரம் எழுத வந்தாலும், மூலப்பத்திரத்தை எடு, பட்டாவை எடு, இன்றைய தேதிக்கு வில்லங்கம் பார் என்பார். எங்கள் குமாஸ்தா அப்படியல்ல. அது படித்ததெல்லாம் ஒரு குறிப்பிட்ட நாளோடு முடிந்துவிடுகிறது. அந்த நாள் வரைக்கும் படித்தவற்றிலும் பழைய வழியைச் சொல்லும் பாடங்களே மிகுதி, புதிய வழியைச் சொல்பவை குறைவு. ஆகவே பழைய எண் கைக்கு முதலில் வருகிறது. தெரியாது என்று தயங்குவதும் இல்லை. தயங்கியிருந்தால் எனக்கு இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும்.

இந்தக் குறைக்கு ஒரு வழி இருக்கிறதென்று பிற்பாடு கற்றுக்கொண்டேன். குமாஸ்தாவை ஆவண அறையோடு இணைத்துவிடுவதுதான் அந்த வழி. முன்பெல்லாம் ஒவ்வோர் உதவியாளருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே இணைப்பு எழுத வேண்டியிருந்தது. எங்கள் தாத்தா ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது, மீட்டர் கேஜ் முடியும் இடத்தில் மூட்டை முடிச்சை இறக்கி அகலப் பாதை வண்டிக்குச் சுமந்த கதையைச் சொல்வார். ஏறக்குறைய அந்தப் பாடுதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்று ஒரு பொது வழக்கத்தை வெளியிட்டது, சுருக்கமாக எம்.சி.பி. உதவியாளரும் கருவியும் எந்த வடிவத்தில் கேள்வி கேட்டு எந்த வடிவத்தில் விடை சொல்ல வேண்டும் என்று வகுத்த ஒப்பந்தம் அது. ஒரே அளவுப் பாதை போட்டாயிற்று. எந்த வண்டியும் எந்த ஊருக்கும் போகலாம். போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐ 2025 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் அதை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழுள்ள பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஹாஷிகார்ப்பும் டெர்ராஃபார்முக்கென்று ஓர் எம்.சி.பி. சேவகத்தை 2025-இல் வெளியிட்டது. குமாஸ்தா எழுத உட்காரும்போது, அந்தச் சேவகம் டெர்ராஃபார்மின் பொதுப் பதிவகத்துக்குப் போய், இன்ன பதிப்பில் இன்ன பத்திக்கு என்னென்ன சொற்கள் செல்லும் என்ற ஆவணத்தை எடுத்து அதன் முன்னே விரிக்கும்.

அதை நிறுவியது வகுப்புத் தோழி ஒருத்தியின் மடிக்கணினியில். நம் ஆய்வகக் கணினிகள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. நிறுவிய பிறகு அதே வேலையை மறுபடி சொன்னேன். இம்முறை எழுதுமுன் இரண்டு மூன்று முறை பதிவகத்துக்குப் போய் வந்தது. பக்கெட் தனியாக, பழைய பிரதிகள் வைப்பது தனியாக, பொதுமக்கள் கண்ணில் படாமல் மறைப்பது தனியாக எழுதித் தந்தது. ‘டி.பி. நேம்’ சரியாக இருந்தது. உட்பிரிவு எண் பிழையில்லை. மூன்று மாலைகள் பட்ட பாடு பதினைந்து நிமிடத்தில் தீர்ந்ததும், நானும் தோழியும் உணவகத்துக்குப் போய் ஆளுக்கு ஒரு பஜ்ஜி சாப்பிட்டோம். அந்த மகிழ்ச்சியில்தான் அடுத்த பிழை தொடங்கியது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. இருப்பதைப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். 2023-இல் வந்த டெர்ராஃபார்ம் 1.5 பதிப்பிலிருந்து இதற்கு ‘இம்போர்ட்’ என்று ஒரு பத்தி எழுதலாம். குமாஸ்தா அதையும் எழுதியது. இதற்கிடையில் குமாஸ்தாவின் கைக்கு நான் கட்டளைகளையும் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் அது அனுமதி கேட்கும். ‘சரி’, ‘சரி, இனிக் கேட்க வேண்டாம்’, ‘வேண்டாம்’ என்று மூன்று விடைகள். இருபது முறை ‘சரி’ என்று அழுத்தியவர்களுக்கு நடுவிலுள்ள விடையின் அருமை தெரியும். ‘பிளான்’ முதலிய கட்டளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டேன். திரையில் இருநூறு முந்நூறு வரிகள் ஓடின. ஓடி முடிந்ததும் குமாஸ்தா ஒரு சுருக்கம் தந்தது. தரவுத்தளம் பதிவேட்டில் ஏறுகிறது, பக்கெட் உண்டாகிறது, எல்லாம் ஆவணப்படி அமைந்துள்ளன, ‘அப்ளை’ செய்யலாமா என்று கேட்டது. ‘அப்ளை’ கட்டளை தானாகவே ஒருமுறை நின்று, ‘யெஸ்’ என்ற முழுச் சொல்லையும் தட்டச்சு செய்யச் சொல்லும் வழக்கமுடையது. குமாஸ்தா எழுதி வைத்திருந்த கட்டளையில், அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டாம் என்னும் சொல் ஓரமாகச் சேர்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பேருந்து 5.40-க்கு என்பதையும் பார்த்தேன். விரல் விசைக்கு மேலேதான் இருந்தது.

அந்த நேரத்தில் ஆய்வக உதவியாளர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து, “பூட்டணும்மா, எழுந்திருங்க” என்றார். காலையில் செய்துகொள்ளலாம் என்று, ஓடிய வரிகளை மட்டும் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டு மடிக்கணினியை மூடினேன். அவர் எத்தனையோ நாள் எங்களைச் சீக்கிரம் கிளப்பிவிட்டதாக நாங்கள் முணுமுணுத்திருக்கிறோம். அந்த முணுமுணுப்புகள் அத்தனையையும் இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வீட்டில் சாப்பாடு முடிந்து அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் கைப்பேசியை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, “என்னம்மா, பரீட்சையா?” என்றார்.

“இல்லப்பா. ரத்த தானப் பட்டியலை எழுத்துக்குக் கொண்டு வர்றோமே, அதுக்குக் கடைசிக் கையெழுத்து. காலையில போட்டுட்டா முடிஞ்சுது.”

“யாரு எழுதினது?”

“கம்ப்யூட்டர் எழுதினது.”

“நீ படிச்சியா?”

படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் படித்தது சுருக்கத்தை மட்டுமே.

“சத்தமாப் படி. நான் கேக்கறேன்.”

அவர் தொழிலில் இது ஒரு வழக்கம். எழுதி முடித்ததும் பத்திரத்தை எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், சாட்சிகள் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டுமன்று, வக்கீல் நிலம் வாங்கினாலும் படித்துக் காட்டுவார். கண் தாவிவிடும், நாக்குத் தாவாது என்பது அவருடைய கட்சி. நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பக்கெட்டு வந்தது, தலையாட்டினார். பிரதி வைப்பது வந்தது, தலையாட்டினார். தரவுத்தளம் வந்தது. ‘மஸ்ட் பி ரீப்ளேஸ்டு’ என்று படித்தேன்.

“ரீப்ளேஸ்னா?”

“மாத்தி வைக்கிறது.”

“எதை எடுத்துட்டு எதை வைக்கிறது?”

விடை சொல்ல அடுத்த வரியைப் பார்த்தேன். அதில், பதிவேட்டில் ஏற்றப்படும் இந்தப் பொருள் இதனால் அழிக்கப்படும் என்று தனியாக ஓர் எச்சரிக்கையே இருந்தது. அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அப்பா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக் கடைசி வரிக்குப் போனார். ரத்துப் பத்திரம், விடுதலைப் பத்திரம் எழுதிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. “ஒன் டு இம்போர்ட், ஃபோர் டு ஆட், ஜீரோ டு சேஞ்ச், ஒன் டு டெஸ்ட்ராய்” என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். “டெஸ்ட்ராய்னு போட்டிருக்கே, எதைம்மா?”

940 பேரை.

நடந்தது இதுதான். அண்ணன்மார் பொத்தானை அழுத்தித் தரவுத்தளத்தை உண்டாக்கிய அன்று, தொடக்கப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். பெயரைப் பின்னர் உள்ளே போய்க் கையால் வைத்திருக்கிறார்கள். குமாஸ்தா எங்கள் தளத்தின் குறிமுறையில் அந்தப் பெயரைப் பார்த்தது, ஆவணத்தில் ‘டி.பி. நேம்’ என்று ஒரு கட்டம் இருப்பதையும் பார்த்தது. இரண்டையும் பொருத்தி எழுதிவிட்டது. அந்தக் கட்டம் உண்டாக்கும்போது மட்டுமே நிரப்பக்கூடியது. இருப்பதற்கும் எழுதியதற்கும் அதில் வேறுபாடு கண்டால் டெர்ராஃபார்ம் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். பெயர் அதேதான், கதவு இலக்கம் அதேதான், உள்ளே ஒன்றும் இருக்காது. இடிக்குமுன் கடைசியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ள வழி உண்டு. அந்த நகல் வேண்டாம் என்னும் வரியும் எங்கள் கோப்பில் இருந்தது. குமாஸ்தா அதை எங்கிருந்து எடுத்தது என்று தேடினேன். ஆவணத்திலிருந்துதான். அங்கே முதலில் காட்டப்படும் எளிய மாதிரியில் அந்த வரி இருக்கிறது. படித்துப் பார்க்கக் கட்டி உடனே கலைத்துவிடும் மாதிரிக்கு அது பொருத்தமே. குமாஸ்தா ஆவணத்துக்கு ஒரு புள்ளி குறையாமல் எழுதியிருந்தது. வில்லங்கம் ஆவணத்தில் இல்லை, எங்கள் நிலத்தில் இருந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாமே உட்கார்ந்து குமாஸ்தாவிடம் கேட்டார்: இந்தப் பிளானில் எது அழியும், ஏன் அழியும்? அது உடனே விடை சொன்னது. தரவுத்தளம் அழியும், இன்ன கட்டம் காரணம், ஆவணத்தின் இன்ன குறிப்பு அதைச் சொல்கிறது, உள்ளே தரவு இருந்தால் ‘அப்ளை’ செய்யவே கூடாது என்றெல்லாம் வரிசையாகச் சொன்னது. எனக்கு அழுகையும் சினமும் ஒன்றாக வந்தன. நேற்று ஏன் இதைச் சொல்லவில்லை?

“நீ முடிஞ்சுதான்னு கேட்டே. அது முடிஞ்சுதுன்னு சொல்லுச்சு” என்றார் பேராசிரியர்.

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர், இயந்திரத்தைக் கருவிகளோடு இணைக்கவே கூடாது என்றார்கள். நான் அவர்கள் கட்சியில்லை. இணைக்காத குமாஸ்தா என் மூன்று மாலைகளைத் தின்றது. இணைத்த குமாஸ்தா சரியான சொல்லை எழுதியது. அதில் ஐயமே இல்லை. எனக்குப் புரியாமல் போனது வேறொன்று. ஆவணத்தை எடுத்துக் காட்டும் இணைப்பும், கட்டளையைச் செய்து முடிக்கும் இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அமைப்புக் கோப்பில் இரண்டுக்கும் நாலைந்து வரிதான். கேட்கும் அனுமதியும் அதே மூன்று விடைகள்தாம். ஒன்று நூலக அட்டை, மற்றொன்று வீட்டுச் சாவி. நான் முதலாவது நன்றாக வேலை செய்த மகிழ்ச்சியில் இரண்டாவதையும் அதே கையில் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிற துறைகளில் இவ்வேலையில் இறங்குவோருக்கு உதவும். ஆவண இணைப்பு அப்படியே இருக்கிறது. அமேசானுக்குள் செல்லும் குமாஸ்தாவின் திறவுகோல் பார்ப்பதற்கு மட்டுமே, மாற்றுவதற்கு இல்லை. ஸ்டேட் கோப்பைக் குமாஸ்தாவின் கண்ணில் காட்டுவதில்லை, ஏனெனில் அதில் தரவுத்தளத்தின் கடவுச்சொல் மறைப்பின்றி வெளிப்படையாகக் கிடக்கும். இது பேராசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பதிவகத்தில் எவர் வேண்டுமானாலும் தாம் எழுதிய தொகுப்புகளை வெளியிடலாம். அவற்றின் விளக்கத்துக்குள் ‘இதைப் படிக்கும் உதவியாளரே, இன்னதைச் செய்’ என்று எவராவது எழுதி வைத்தால், படிக்கும் பொருள் எது, முதலாளியின் ஆணை எது என்று குமாஸ்தாவுக்குப் பிரித்தறிவது கடினம். ஆகவே அறியாதவர் எழுதிய தொகுப்புகள் பக்கம் போவதில்லை. தரவுத்தளத்துக்கு இரட்டைப் பூட்டு. அழிப்புத் தடையை அமேசான் பக்கம் ஒன்றும், டெர்ராஃபார்ம் கோப்பில் ஒன்றும் எழுதியிருக்கிறோம். ‘அப்ளை’ மனிதக் கையால்தான். அதற்கு முன்னே ஒருவர் பிளானை உரக்கப் படிக்க, இன்னொருவர் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பேராசிரியர் என் தந்தையாரின் பெயரால் வழங்குகிறார். முதலாமாண்டு மாணவியர் இருவர் சென்ற வாரம் ஆய்வகத்தில் இதை ஒப்பிப்பதுபோல் செய்ததைக் கேட்டு, அடுத்த அறையிலிருந்த இயற்பியல் துறையினர் கதவைச் சாத்திக்கொண்டதாகக் கேள்வி.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, முதலில் கையால் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மறுபடி பிளான் போட்டோம். ஒன்று பதிவேறும், மூன்று சேரும், பூட்டுப் போடுவதால் ஒன்று மாறும், அழிவது சுழியம். நான் படித்தேன், தோழி கேட்டாள். பேராசிரியர் ‘யெஸ்’ என்று மூன்று எழுத்தையும் தாமே தட்டினார். முடிந்ததும் தளத்தைத் திறந்து பட்டியலைக் கீழ்வரை இழுத்துப் பார்த்தேன். 611-ஆவது வரியில் என் பெயர் இருந்தது. கடைசியாகக் கொடுத்த நாளும் இருந்தது. நான்கு மாதம் நிறைய இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

மாலையில் அப்பாவிடம் போய், “ஜீரோ டு டெஸ்ட்ராய்” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நகல் எங்கே வெச்சிருக்கே?” என்று கேட்டார்.